மலை சரியும் முன்னே போன் கத்துமா?

அடிக்கடி கத்தும் அலெர்ட்டை யாரும் மதிப்பதில்லை. கத்தவே கத்தாத அலெர்ட்டால் பயன் இல்லை. நீலகிரி மண்சரிவு எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கும் புரோகிராம் சூட்சுமங்கள்...

அக்டோபர் மாதத்தின் ஒரு காலை ஆறரை மணி. பெர்ன்ஹில்லில் பனி இன்னும் விலகவில்லை. ஏதோ ஒரு வீட்டு மேசையில் போன் 'டிங்' என்கிறது. எடுத்துப் பார்த்தால், கேஷ்பேக் ஆஃபர். அடுத்த 'டிங்', பிள்ளையின் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் ரோஜாப்பூ. அதற்கடுத்து ரீசார்ஜ் முடியப்போகும் செய்தி. நான்காவது 'டிங்' மட்டும் வேறு: 'நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு.'

நான்குக்கும் ஒரே சத்தம். நான்கையும் ஒரே விரல்தான் ஒரே வேகத்தில் தள்ளி விடுகிறது.

சமவெளியில் இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை; குடை மறந்தால் நனைவார். மலையில் கதை வேறு. ஊட்டி ரயில் லவ்டேலைத் தாண்டி, ஊட்டிக்குள் நுழையும் முன் கடக்கும் சின்ன ஊர் பெர்ன்ஹில். மைசூர் மகாராஜாவின் கோடைக்கால அரண்மனையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கோ இது சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் வீடுகள், தேயிலை, காய்கறித் தோட்டம், தடுப்புச் சுவர். இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும், மழை நாளில் தூங்கப் போகும் முன் பின்பக்க மண்சுவரை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு.

காரணம், 2009 நவம்பர். 9-ம் தேதி இரவும் 10-ம் தேதி அதிகாலையும் குன்னூர், கேத்தி, அச்சனக்கல் பகுதிகளில் மலை பல இடங்களில் வழிந்து இறங்கியது. கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே. அதற்கு முன் 1978, 1979, அப்புறம் 1993-ல் மரப்பாலம் என்று நீலகிரியின் மண்சரிவுப் பட்டியல் நீளமானது. அவலாஞ்சி என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே 1820-களில் நடந்த ஒரு பெரும் சரிவால்தான் என்று சொல்வார்கள்.

அந்த 2009 இரவில், மலை இறங்கப் போகிறது என்று யாராவது ஒருவர் கதவைத் தட்டியிருந்தால்? அந்த 'யாராவது ஒருவர்' வேலையைத்தான் இன்று போனுக்குள் இருக்கும் ஒரு புரோகிராமிடம் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

கொல்கத்தாவிலிருந்து குந்தாவுக்கு

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நாட்டிலேயே முதன்முதலாக மண்சரிவு முன்னறிவிப்பைச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று நம் நீலகிரி. இன்னொன்று டார்ஜிலிங் மலைப்பகுதி. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 'லேண்ட்ஸ்லிப்' என்ற திட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்து, 2020 பருவமழைக் காலத்திலிருந்து தினசரி அறிக்கைகளைப் பரிசோதனையாக மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 2024 ஜூலை 19-ம் தேதி கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. கூடவே 'பூஸ்கலன்' என்ற மொபைல் ஆப்பும் வந்தது.

அறிக்கை வட்டம் வட்டமாகப் பிரித்துச் சொல்கிறது. ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆறுக்கும் ஒரே பதில் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் வரும். 2019 ஆகஸ்ட் 8-ல் அவலாஞ்சியில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது நினைவிருக்கலாம். ஊட்டிக்குக் கிழக்கே இருக்கும் கேத்தியின் பேய்மழை நவம்பரில். மேற்கே இருக்கும் அவலாஞ்சியின் பேய்மழை ஆகஸ்டில். 'நீலகிரியில் கனமழை' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஆறு வட்டத்துக்கும் போனை அலறவிட்டால், பாதிப் பேருக்கு அது பொய்யாகத்தான் இருக்கும்.

எவ்வளவு மழை பெய்தால் மலை சரியும்?

புரோகிராமருக்கு முதலில் வேண்டியது ஒரு எண். அதைத் தாண்டினால் மணி அடி; தாண்டாவிட்டால் பேசாமல் இரு. அந்த எண்ணை யார் தருவது?

1980-ல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர், உலகின் பல பகுதிகளில் நடந்த 73 சரிவுகளை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். மழையின் வேகம் ஒரு பக்கம், அது பெய்த நேரம் மறுபக்கம். அவர் போட்ட கோட்டின்படி, ஒரு மணி நேரத்தில் சுமார் 15 மில்லிமீட்டர் கொட்டினால் போதும், மேல்மண் சரியும் வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. அதுவே நாள் முழுக்க நிதானமாகப் பெய்தால் 100 மில்லிமீட்டர் வரை மலை தாங்கும். குடத்தைக் கவிழ்ப்பதற்கும் குழாயில் சொட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் அது உலகம் முழுமைக்குமான அடிமட்டக் கோடு. அதை அப்படியே கூடலூர்ப் பக்கம் பொருத்தினால் பருவமழை முழுக்க போன் கத்திக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது அதிசயமல்ல. ஒவ்வொரு மலைக்கும் அதன் மண், சரிவு, தோட்டம், வெட்டிய ரோடு எல்லாம் பார்த்துத் தனி எண் வேண்டும். இங்கேதான் பழைய ரெக்கார்டுகளின் அருமை தெரியும். பெர்ன்ஹில் தபால் முகவரியிலேயே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1954-ல் தொடங்கிய மண், நீர்வளப் பாதுகாப்பு மையம். மலைச்சரிவில் மழைநீர் எப்படி ஓடுகிறது, மண்ணை எவ்வளவு அரித்துப் போகிறது என்று எழுபது ஆண்டாக அளந்துகொண்டிருக்கும் இடம். ரெஸார்ட் போர்டுகளுக்கு நடுவில் அதன் போர்டு சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படுவதே இல்லை.

இன்றைய மழை மட்டும் போதுமா என்றால், போதாது. நேற்றும் முந்தாநாளும் பெய்தது மண்ணுக்குள் ஊறிக் கிடக்கும். ஏற்கெனவே நனைந்த பஞ்சு இன்னொரு டம்ளர் தண்ணீரைத் தாங்காது. அதனால் கடந்த சில நாட்களின் மழையையும் கூட்டித்தான் புரோகிராம் முடிவெடுக்கிறது. இருபது நாள் காய்ந்து கிடந்த மலையில் 100 மில்லிமீட்டரும், மூன்று நாளாக ஊறிய மலையில் 100 மில்லிமீட்டரும் ஒன்றல்ல.

தண்ணீர் டேங்க் சொல்லித் தரும் பாடம்

எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 100-ஐத் தாண்டினால் அலெர்ட். மழைக் கணக்கு 99, 101, 98, 102 என்று ஆடுகிறது. என்ன நடக்கும்? எச்சரிக்கை, வாபஸ், எச்சரிக்கை, வாபஸ். அரை மணிக்குள் நான்கு மெசேஜ். ஐந்தாவதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

இதற்கான விடை பல வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்ட வாட்டர் டேங்கில் இரண்டு சென்சார் இருக்கும். தண்ணீர் கீழ் சென்சாருக்கு இறங்கினால் மோட்டார் ஓடும். மேல் சென்சாரைத் தொட்டால் நிற்கும். ஒரே சென்சார் வைத்தால், தண்ணீர் அலைக்கு அலை மோட்டார் ஓடி ஓடி நின்று, காயில் கருகிவிடும். அலெர்ட் புரோகிராமிலும் இதே வித்தைதான்: 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை தொடங்கும்; 70-க்குக் கீழே இறங்கி, சில மணி நேரம் அங்கேயே இருந்தால்தான் விலக்கப்படும். அதாவது ஏறுவதற்கு ஒரு படி, இறங்குவதற்கு வேறு படி.

அடுத்தது குக்கர் பாடம். முதல் விசிலுக்கே யாரும் அடுப்பை அணைப்பதில்லை. அதுபோல, ஒரே ஒரு மழைமானி ஒரே ஒரு தடவை தாறுமாறாக ஒரு எண்ணைச் சொன்னால் உடனே நம்பக் கூடாது. பூச்சி புகுந்திருக்கலாம், குரங்கு ஆட்டியிருக்கலாம். நீலகிரியில் குரங்கு ஒரு தீவிரமான தொழில்நுட்பப் பிரச்னை. அடுத்தடுத்த அளவுகளும் அதையே சொல்கின்றனவா, பக்கத்து மழைமானி ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. தானியங்கி மழைமானிகள் பலவற்றுக்குள் சின்ன தராசு போல இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒரு கிண்ணம் நிறைந்து கவிழ்ந்தால் ஒரு 'டிக்'. அந்த டிக்குகளை எண்ணித்தான் மழை அளக்கப்படுகிறது. புனல் வாயில் ஒரு யூகலிப்டஸ் இலை அடைத்துக்கொண்டால்? வெளியே கொட்டும் மழை, உள்ளே பூஜ்யம். கம்ப்யூட்டர் திரையில் பச்சை நிறத்தில் 'மழை இல்லை' என்று அமைதியாக இருக்கும். பொய் எச்சரிக்கையைவிட இந்தப் பொய் அமைதி மோசம். நல்ல புரோகிராமர் அதனால் கருவியிடம் ஒரு நிபந்தனை போடுவார்: மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் அந்த மௌனமே ஒரு அலெர்ட். உயிரோடு இருந்தும், சுற்றிலும் எல்லாரும் நனையும்போது ஒரு கருவி மட்டும் பூஜ்யம் காட்டினால், அதுவும் ஒரு அலெர்ட். ஆனால் இவை ஊருக்கு இல்லை. கருவியைப் பராமரிக்கும் ஊழியருக்கு. யாருக்கு எது போக வேண்டும் என்று பிரிப்பதும் இந்த வேலையின் முக்கியமான பாதி.

வயநாடு இரவு

2024 ஜூலை 30. கொல்கத்தா மையம் திறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பந்தலூருக்குப் பக்கத்து மாவட்டமான வயநாட்டில், நள்ளிரவு தாண்டி முண்டக்கை, சூரல்மலையின் மேல் மலை இறங்கியது. 250 பேருக்கு மேல் பலியானார்கள்.

எச்சரிக்கை இருந்ததா என்ற கேள்வி மறுநாளே டெல்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே சண்டையானது. கேரள முதல்வர் பினராயி விஜயன் சொன்ன விவரம் கவனிக்கத் தக்கது. வானிலை ஆய்வு மையம் அன்று மாவட்டத்துக்குக் கொடுத்திருந்தது ஆரஞ்சு அலெர்ட். 115 முதல் 204 மில்லிமீட்டர் வரை என்று அர்த்தம். ஆனால் அந்த இடத்தில் 48 மணி நேரத்தில் பெய்தது 572 மில்லிமீட்டர். புவியியல் ஆய்வு மையத்தின் அறிக்கையோ பச்சை காட்டியது. சரிவு நடந்த பிறகு, காலை ஆறு மணிக்குத்தான் சிவப்பு வந்தது என்றார் அவர்.

இதே வயநாட்டில் கல்பெட்டாவைச் சேர்ந்த ஹியூம் மையம் என்ற தன்னார்வ அமைப்பு, மாவட்டம் முழுக்க 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வந்தது. எளிய மழைமானிகள்தான், பல இடங்களில் உள்ளூர் ஆட்களே அளவைக் குறித்து அனுப்புவார்கள். மாவட்டத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்த அவர்கள், முந்தைய நாளே அந்தப் பகுதிக்கு ஆபத்து இருப்பதாக நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன.

பெரிய கம்ப்யூட்டருக்குத் தெரியாதது சின்ன மழைமானிக்கு எப்படித் தெரிந்தது? கட்டத்தின் அளவுதான் விஷயம். மாவட்டம் முழுவதற்குமான சராசரியில் ஒரு பள்ளத்தாக்கின் பேய்மழை கரைந்து காணாமல் போய்விடும். எச்சரிக்கையின் பரப்பு பெரிதாக இருந்தால், ஆபத்து இல்லாதவர்களை எழுப்பிவிடும். ஆபத்தில் இருப்பவர்களையோ தூங்கவிட்டுவிடும். இரண்டு தப்பும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தகவல் முந்தைய நாளே கையில் வந்த பிறகும், யார், எந்த அளவு தாண்டினால், யாரைக் கேட்டு, எந்தக் கிராமத்தை எழுப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அலெர்ட் புரோகிராம்களில் இதை அடுக்கு முறையில் வைப்பார்கள்: முதல் அதிகாரியின் போனுக்குச் செய்தி போகும். 'பார்த்துவிட்டேன்' என்று அவர் பட்டனை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் அழுத்தவில்லை என்றால் அடுத்தவருக்கு. அவரும் இல்லை என்றால் அதற்கும் மேலே. நடு ராத்திரியில் ஒருவர் போன் சார்ஜ் இறங்கிப் போனதால் ஒரு ஊர் அழியக் கூடாது.

ஒரே கடிதம், எல்லா வாயும்

எச்சரிக்கை தயார். அது டிவியில் ஓட வேண்டும், எஸ்எம்எஸ்ஸாகப் போக வேண்டும், ஆப்பில் வர வேண்டும், சைரன் ஒலிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து தனித்தனியாக டைப் அடித்தால் ஒன்றில் குன்னூர், இன்னொன்றில் குந்தா என்று ஆகிவிடும். அதற்காகவே உலக நாடுகள் பொதுவாக ஒப்புக்கொண்ட ஒரு எச்சரிக்கைப் படிவம் இருக்கிறது. சுருக்கமாக கேப் என்பார்கள். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சி-டாட் நிறுவனத்தைக் கொண்டு உருவாக்கிய 'சாஷே' என்ற தளம் இதன் மேல்தான் நிற்கிறது.

அந்தப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளைப் பார்த்தால், எழுதியவர்கள் நிறைய அடிபட்டவர்கள் என்று தெரியும். இது நிஜமா, ஒத்திகையா? புதிய எச்சரிக்கையா, பழையதன் திருத்தமா, ரத்தா? திருத்தம் என்றால் எந்த எச்சரிக்கைக்குத் திருத்தம்? எவ்வளவு அவசரம், எவ்வளவு கொடுமை, எவ்வளவு உறுதி என்று மூன்று தனித்தனிக் கேள்விகள். ஏனென்றால் கொடுமையானது உறுதியாக நடக்கும் என்றில்லை. எந்த இடம், வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டு. எத்தனை மணியோடு காலாவதி? மக்கள் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விகளில் ஒன்றைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவு சாட்சி. 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு அந்தத் தீவு மக்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின: ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை இல்லை. உண்மையில் அது ஒத்திகைதான். பணியில் இருந்த ஊழியர் அதை நிஜம் என்று நம்பி, நிஜ எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். ஒருவர் மட்டுமே அதை அனுப்ப முடிந்தது. உறுதி செய்ய இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை. தப்பு தெரிந்த பிறகும், 'அது பொய்' என்று அதே வழியில் திருப்பி அனுப்பத் தயாராக எந்த வாசகமும் கம்ப்யூட்டரில் இல்லை. திருத்தம் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. அதுவரை பெற்றோர் பிள்ளைகளைச் சாக்கடை மூடிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கவர்னர் டேவிட் இகே உடனே ட்விட்டரில் மறுக்க நினைத்தார். லாகின் விவரம் நினைவுக்கு வரவில்லை. பாஸ்வேர்டு விஷயத்தில் கவர்னரும் நம்மைப் போலத்தான்.

எச்சரிக்கை எழுதும்போதே ரத்தையும் எழுதி வை என்பது புரோகிராமர்களுக்கு அன்று கிடைத்த பாடம். காலாவதிக்கும் அதே மரியாதை வேண்டும். ஆப் நோட்டிஃபிகேஷன்கள் பெரும்பாலும் கூகுளின் அஞ்சல் சேவை வழியாக வருகின்றன. போன் ஆஃப் ஆகியிருந்தால் அந்தச் செய்தி காத்திருக்கும். எத்தனை நாள்? புரோகிராமர் எதுவும் குறிப்பிடாவிட்டால் நான்கு வாரம் வரை! மலையில் மூன்று நாள் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு உயிர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை எச்சரிக்கை புதன்கிழமை வந்து பயமுறுத்தும். 'ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே' என்று ஒரு வரி எழுதினால் தீரும் பிரச்னை இது. அதேபோல் ஒரே சரிவைப் பற்றிய ஐந்து செய்திகளுக்கும் ஒரே அடையாளப் பெயர் கொடுத்துவிட்டால், திரும்ப ஆன்லைன் வரும் போனுக்குக் கடைசியாக வந்த ஒன்று மட்டும் போய்ச் சேரும்.

டவர் போடும் சத்தம்

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் போன்கள் எல்லாம் திடீரென்று விநோதமாக அலறியது நினைவிருக்கிறதா? 'இது சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம்' என்று திரையில் ஒரு பெட்டி வந்ததே. அது செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் என்பது போஸ்ட்மேன் வீடு வீடாகக் கொண்டு தருவது போல; லட்சம் பேருக்கு என்றால் வரிசையில் நிற்கும். செல் பிராட்காஸ்ட் தெருமுனையில் தண்டோரா போடுவது. டவர் ஒருமுறை சொல்லும். அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். யாருடைய நம்பரும் தேவையில்லை. ஊட்டிக்கு ஒரு நாள் டூர் வந்தவருக்கும் கேட்கும். லீவில் சென்னை போயிருக்கும் ஊட்டிக்காரரை எழுப்பாது. டவருக்கே கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் மட்டும் தண்டோராக்காரரும் மௌனம்.

ஆப்பின் கதை வேறு. போன் கம்பெனிகள் ஆப்களின் வாயை வருஷா வருஷம் கட்டிக்கொண்டே வருகின்றன. காரணம், நம்மைத் தொல்லை செய்த கேஷ்பேக் ஆப்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, சும்மா கிடக்கும் போனைத் தூங்கவைத்து பேட்டரியைக் காத்தது. சாதாரணச் செய்திகள் அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2017-ல் ஆண்ட்ராய்டு 8, ஒவ்வொரு ஆப்பும் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை பிரித்தே ஆக வேண்டும் என்றது. 2022-ல் ஆண்ட்ராய்டு 13, நோட்டிஃபிகேஷன் அனுப்பவே உங்களிடம் அனுமதி கேள் என்றது.

இதில் அந்த வகை பிரிப்பு ரொம்ப முக்கியம். ஒரு மழை ஆப் தினசரி வானிலை, மஞ்சள் அலெர்ட், 'உடனே வெளியேறு' மூன்றையும் ஒரே வகையில் போட்டால், தினசரி வானிலைத் தொல்லை தாங்காமல் நாம் அதை மியூட் செய்யும்போது 'உடனே வெளியேறு'வும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஒருமுறை நாம் ஊமையாக்கியதை ஆப்பால் திரும்பப் பேசவைக்க முடியாது, ஆண்ட்ராய்டு விடாது. எனவே முதல் நாளே தனித்தனி வகையாகப் பிரித்து வைப்பது புரோகிராமரின் பொறுப்பு. தினசரி வானிலைக்குச் சத்தமே வேண்டாம். வெளியேறச் சொல்வதற்கு மட்டும் வேறு எதற்கும் இல்லாத ஒரு சத்தம். ஐபோனில் சைலன்ட் மோடையும் மீறி ஒலிக்கும் வசதி 2018 முதல் உண்டு. அதற்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

வால்பாறையின் சிவப்பு விளக்கு

இவ்வளவு சொன்ன பிறகு, தமிழ்நாட்டு மலை ஒன்றில் நன்றாகவே வேலை செய்த ஓர் அலெர்ட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? மண்சரிவுக்கு அல்ல, யானைக்கு.

வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலானோர், பக்கத்தில் யானை நிற்பதே தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமார் குழுவினர் அதைக் கவனித்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் யானை இருக்கும் இடத்தை ஓடும் எழுத்தில் போட்டார்கள். பிறகு எஸ்எம்எஸ். வால்பாறை முழுக்க அல்ல, யானைக் கூட்டத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். தமிழில். படிக்க முடியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. போன் இல்லாதவர்களுக்கு உயரத்தில் சிவப்பு விளக்கு. பஸ்ஸிலிருந்து இறங்குபவர் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அந்த விளக்கை மொபைலில் இருந்தே போடலாம், ஆனால் போடும் பொறுப்பு அந்தந்த ஊர்க்காரர் சிலரிடமே கொடுக்கப்பட்டது. உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-ல் ஆனந்த குமாருக்கு பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தது.

அங்கே சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நிஜமாகவே யானை இருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரியும். ஏனென்றால் அதைப் போட்டவர் பக்கத்து லயன் வீட்டு அண்ணன். நீலகிரியில் ஒவ்வொரு வட்டத்துக்கும் மழைக் கணக்குப் பார்க்கும் மென்பொருளோடு, இப்படி ஊருக்கு ஒரு மழைமானியும் ஊருக்கு ஓர் அண்ணனும் சேர்ந்தால் எவ்வளவோ செய்யலாம்.

நம் போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செட்டிங்ஸில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'க்குள் போய், 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலெர்ட்ஸ்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் யாரோ, எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள். தாத்தா பாட்டி போனையும் சேர்த்துப் பாருங்கள். ஷாப்பிங், கேம் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். சாஷே, பூஸ்கலன் போன்றவற்றுக்கு அனுமதி கொடுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்சுவரில் புது விரிசல், தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது... இவற்றில் எதைப் பார்த்தாலும் எந்த 'டிங்'குக்கும் காத்திருக்காமல் வெளியேறிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு போன் போடுங்கள்.